சாம்பிளும் மூட்டையும்

(போடிநாயக்கனூரில், இணையம் வழியே வியாபாரம் செய்யும் இளையவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊரில் ஏலக்காய் எப்படி விலை போகிறது என்று உங்களுக்கு நான் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் என் பேச்சை அங்கிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. ஏல மையத்தில் யாரும் மூட்டையைப் பிரித்துப் பார்த்து வாங்குவதில்லை, சாம்பிளைத்தான் பார்க்கிறார்கள். தோட்டக்காரர் ஒப்படைத்த காயிலிருந்து கொஞ்சம் எடுத்து, லாட் எண் போட்டு, வாங்குபவர் முன்னால் வைக்கிறார்கள். அவர் நிறம் பார்க்கிறார், பருமன் பார்க்கிறார், ஒரு காயை உடைத்து விதை கறுத்திருக்கிறதா என்று பார்க்கிறார், மோந்து பார்க்கிறார். பிறகு கணினியில் விலை கேட்கிறார். ஒரு பிடிக் காயை நம்பி, கண்ணால் பார்க்காத மூட்டைகளுக்குப் பல லட்சம் ரூபாய் கொடுக்க ஒப்புக்கொள்கிறார்.

அந்த நம்பிக்கை ஒரே நாளில் வந்துவிடவில்லை. 1965-ல் ஏலக்காய்ச் சட்டம் வந்தது. அதன்பின் ஏலக்காய் வாரியம் வந்தது. 1986-ல் ஸ்பைசஸ் போர்டுச் சட்டம் இயற்றப்பட்டு, 1987 பிப்ரவரியில் கொச்சியைத் தலைமையிடமாகக் கொண்டு வாரியம் செயல்படத் தொடங்கியது. அதே ஆண்டு உரிமம், சந்தைப்படுத்தல் பற்றிய விதிகள் வந்தன. ஏலம் நடத்துகிறவருக்கு உரிமம் வேண்டும், ஏலக்காய் வாங்கி விற்கும் வியாபாரிக்கும் உரிமம் வேண்டும். சத்தம் போட்டு விலை கேட்ட காலம் போய் மின்னேலம் வந்தது. 2021-ல், போடியிலிருக்கும் வியாபாரியும் இடுக்கி மாவட்டம் புற்றடியிலிருக்கும் வியாபாரியும் ஒரே ஏலத்தில் ஒரே நேரத்தில் விலை கேட்கும் ஏற்பாடு வந்தது. ஒவ்வொரு ஏலம் முடிந்ததும் எத்தனை லாட், எத்தனை கிலோ வந்தது, எத்தனை கிலோ விற்றது, அதிகபட்ச விலை என்ன, சராசரி விலை என்ன என்பதை வாரியம் வெளியிடுகிறது. சாம்பிளுக்கும் மூட்டைக்கும் நடுவே சட்டமும் உரிமமும் பதிவேடும் இத்தனை மனிதர்களும் நிற்கிறார்கள்.

இணையத்தில் நீங்கள் போடும் படம்தான் சாம்பிள். கோயம்புத்தூரிலோ சிங்கப்பூரிலோ ஒரு வீட்டு வாசலில் போய் இறங்கும் கூரியர் பொட்டலம்தான் மூட்டை. நடுவில் யாரும் இல்லை. ஏல மையத்தில் பல பேர் பகிர்ந்து செய்யும் காவல் வேலை முழுவதும் உங்கள் ஒருவர் தலையில் இறங்கியிருக்கிறது. இணைய வணிகரின் தொழில்பெயரைப் பற்றி நான் சொல்ல வந்தது இதுதான். பெயரைக் காப்பாற்றுவது என்றால் நல்ல படம் போடுவது, விமர்சனத்துக்குச் சாமர்த்தியமாகப் பதில் சொல்வது என்று பலர் நினைக்கிறார்கள். படத்துக்கும் பொட்டலத்துக்கும் இடையே வித்தியாசம் இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் அந்த வேலையில் முக்கால் பங்கு.

இதில் இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது. உங்களிடம் வாங்குகிறவருக்கு உங்கள் பெயர் தெரியாது, போடி என்ற பெயர் தெரியும். காய் பெரும்பாலும் விளைவது மலைக்கு மேலே, கேரளத்தின் இடுக்கி மாவட்டத்தில்: உடும்பன்சோலை, வண்டன்மேடு, சாந்தன்பாறை, நெடுங்கண்டம். விடியும் முன்னே ஜீப்பில் ஏறி போடிமெட்டு வளைவுகளையும் கம்பம்மெட்டு வளைவுகளையும் கடந்து காய் எடுக்கப் போகும் பெண்கள் இந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள். உலர்த்தும் கூடமான ஸ்டோரில் உலர்ந்து வந்த காயைச் சலித்துத் தரம் பிரிப்பவர்களும் இந்த ஊர்ப் பெண்கள்தான். இத்தனை பேர் உழைப்பால்தான் 'போடி ஏலக்காய்' என்று எழுதினாலே நாலு பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். அந்தப் பெயரை உங்கள் பக்கத்தின் தலைப்பில் போட்டுக்கொள்ள யாரும் கட்டணம் கேட்கவில்லை. ஆனால் அதை ஒருவர் கெடுத்தால் இழப்பு எல்லோருக்கும்.

ஒரு பெயர் எப்படி நிலைக்கிறது என்பதற்கு நம் தொழிலிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. திருவிதாங்கூர் அரசின் காலத்தில் இந்த மலைக் காய் ஆலப்புழைக்குக் கொண்டுபோகப்பட்டு, அங்கேயிருந்த அரசுக் கிடங்கில் தரம் பிரிக்கப்பட்டு விற்கப்பட்டது. ஆலப்புழையில் ஏலக்காய் விளைவதில்லை. ஆனாலும் இன்றுவரை அக்மார்க் தரப்பெயர்கள் பல 'ஆலப்பி கிரீன்' என்றுதான் தொடங்குகின்றன. புவிசார் குறியீடும் அந்தப் பெயரில்தான் பெறப்பட்டிருக்கிறது. கிடங்கு போய்விட்டது, துறைமுகத்தின் பழைய பெருமையும் போய்விட்டது, அங்கே ஒழுங்காகச் செய்த தரம் பிரிப்பு மட்டும் பெயராக நின்றுவிட்டது.

இனி உங்கள் படங்களுக்கு வருகிறேன். இதைக் கொஞ்சம் விரிவாகவே பேசப் போகிறேன். மற்றதெல்லாம் இதிலிருந்துதான் கிளைக்கிறது.

'எட்டு எம்எம்' என்று எல்லோரும் போடுகிறோம். எட்டு எம்எம் என்றால் அந்தச் சல்லடையில் நின்ற காய். அக்மார்க்கில் ஆலப்பி கிரீன் எக்ஸ்ட்ரா போல்டு என்ற தரத்துக்கே ஏழு எம்எம் இருந்தால் போதும். ஆனால் லிட்டருக்கு 435 கிராம் எடை நிற்க வேண்டும். அதற்கு அடுத்த போல்டு தரத்துக்கு ஆறு எம்எம், 415 கிராம். அளவோடு எடையையும் ஏன் சேர்த்து வைத்தார்கள்? பார்க்கப் பெரிதாக இருந்து உள்ளே விதை சரியாகப் பிடிக்காத காய் உண்டு. படத்தில் அந்தக் காயும் நல்ல காயும் ஒரே மாதிரிதான் தெரியும். எடையைப் படம் காட்டாது. ஆகவே படத்தில் எட்டு எம்எம்மைக் காட்டிவிட்டு, ஏழையும் ஆறையும் கலந்து அனுப்புகிறவருக்கு முதல் மாதம் லாபம் வரும். வாங்கியவர் வீட்டில் அளவுகோல் வைத்துப் பார்க்கமாட்டார்தான். ஆனால் பாயசத்துக்குத் தட்டிப் போடும்போது விதை குறைவாக இருப்பது அந்த வீட்டு அம்மாவுக்குத் தெரியும். அவர் புகார் எழுதமாட்டார், அடுத்த முறை வாங்கமாட்டார். உங்களுக்குக் காரணம் தெரியாமலேயே ஒரு வாடிக்கை போய்விடும். கலந்து விற்பதே குற்றம் என்று நான் சொல்லவில்லை. கலப்புக் காய்க்கும் சந்தை இருக்கிறது. டீக்கடைக்கும் மசாலா அரைப்பவருக்கும் அது போதும். கலப்பு என்று எழுதி, கலப்பின் படத்தையே போட்டு, கலப்பின் விலைக்கு விற்றால் அதில் மறைக்க ஒன்றுமில்லை.

அடுத்தது நிறம். பச்சை என்றால் வாங்குகிறவருக்கு ஒரே மயக்கம். கைப்பேசியில் படத்தின் நிறத்தை ஏற்றுவதற்கு இரண்டு விரல் போதும். அப்படி ஏற்றிய பச்சையைப் பார்த்து வாங்கியவர், வீட்டில் வந்திறங்கிய உண்மையான காயைப் பார்த்து ஏமாந்துபோகிறார். காய் நல்ல காய்தான், படம்தான் பொய். இந்தப் பொய்யை ஈடுகட்ட வேண்டும் என்று கிளம்பும்போதுதான் சாயம் வருகிறது. ஏலக்காயில் வெளியிலிருந்து எந்த நிறமும் சேர்க்கக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. ஈரம் நூற்றுக்கு 13-க்கு மேல் போகக் கூடாது, நறுமண எண்ணெய் 3.5-க்குக் குறையக் கூடாது என்பதும் விதி. எண்ணெய் எடுத்துவிட்ட சக்கைக் காயை நல்ல காயோடு சேர்ப்பது பழைய மோசடி. அதற்குப் பச்சை ஏற்றி விற்பது அடுத்த படி. இன்று வாங்குகிறவர் கையிலும் கேமரா இருக்கிறது. காயைத் தண்ணீரில் போடுகிறார், பச்சை இறங்குவதைப் படமெடுக்கிறார், பொட்டலத்தில் ஒட்டியிருக்கும் ஊர்ப்பெயரையும் சேர்த்தே காட்டுகிறார். ஒருவர் பொட்டலத்தால் மொத்த ஊரும் பதில் சொல்ல வேண்டியதாகிறது.

உலர்ந்த காய் வெளிச்சம் பட்டால் வெளுக்கும். அதனால்தான் கறுப்புப் பாலித்தீன் போட்டுக் கட்டிவைக்கிறோம். இதை உங்கள் பக்கத்தில் நீங்களே எழுதினால் என்ன? 'இது கார்த்திகையில் எடுத்த காய், நான்கு மாதம் ஆகிவிட்டது, பச்சை கொஞ்சம் குறைந்திருக்கும், மணம் குறையவில்லை' என்று சொல்லிப் பாருங்கள். முன்பே சொல்லிவிட்ட குறையை யாரும் பிறகு குற்றமாக எழுத முடியாது. இன்று எடுத்த படத்தைப் போடுங்கள். விரிப்பு ஒன்றும் வேண்டாம், ஜன்னல் வெளிச்சம் போதும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயத்தை வையுங்கள், அளவு தானே தெரிந்துவிடும். வேறொருவர் எடுத்த படத்தைத் திருடிப் போடாதீர்கள். இந்த ஊரில் எத்தனையோ பக்கங்களில் ஒரே தட்டு ஏலக்காய் சுற்றிக்கொண்டிருப்பதை வாங்குகிறவர்களும் கவனிக்கிறார்கள்.

படத்தைப் பற்றி இன்னும் ஒன்று. இதை எந்தச் சந்தைப்படுத்தல் வகுப்பிலும் யாரும் சொல்லித் தருவதில்லை. மலைக்கு மேலே ஏலச்செடியைப் பாடாய்ப்படுத்துவது இலைப்பேன். அது கடித்த காயின் தோல் சொறிபிடித்தது போல ஆகிவிடும். உள்ளே விதை நன்றாகவே இருக்கலாம், ஆனால் தோலைப் பார்த்தே விலை குறைகிறது. அதனால் விவசாயி மருந்தடிக்கிறார், மறுபடி அடிக்கிறார். கட்டப்பனை விவசாயி செபாஸ்டியன் ஜோசப் தேர்ந்தெடுத்த ஞள்ளானி வகை வந்த பிறகு மலையில் விளைச்சல் பெருகியது. செடிக்குத் தீனியும் மருந்தும் அதோடு சேர்ந்து கூடின. இந்த நிலையில் 'ஒரு தழும்பும் இல்லாத காய்' என்று நீங்கள் போடும் விளம்பரம், மேலே ஒரு தோட்டத்தில் இன்னொரு சுற்று மருந்தடிக்கச் சொல்லும் உத்தரவாகப் போய்ச் சேருகிறது. தழும்புள்ள காயையும் காட்டி, அதன் விதையை உடைத்துக் காட்டி, அதற்கேற்ற விலையில் விற்றுப் பழக்கப்படுத்தும் வேலையை உங்களால் செய்ய முடியும். ஏல மையத்து வியாபாரிக்கு அந்த வசதி இல்லை. கடைசியில் சமைத்துச் சாப்பிடுகிறவரிடம் அவர் பேசுவதில்லை, நீங்கள் பேசுகிறீர்கள்.

காயில் தங்கும் மருந்து மிச்சம் என்று பேச்சு வந்துவிட்டதால், சபரிமலைப் பிரசாதமான அரவணையை இங்கே சொல்லியாக வேண்டும். 2023 ஜனவரியில், மகரவிளக்குக் காலம் உச்சத்தில் இருந்தபோது, அரவணையில் சேர்த்த ஏலக்காயில் பூச்சிமருந்து அளவுக்கு மேல் இருக்கிறது என்ற ஆய்வறிக்கையை வைத்து, கேரள உயர் நீதிமன்றம் அதன் விற்பனையை நிறுத்தச் சொன்னது. ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட டின்கள் அப்படியே தேங்கின. வழக்குத் தொடுத்தது, முன்பு ஏலக்காய் கொடுத்துவந்த ஒரு நிறுவனம். வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. நீதிமன்றம் மறுபடி சோதிக்கச் சொன்னபோது அரவணை உண்ணத் தகுந்தது என்று அறிக்கை வந்தது. 2024 மார்ச்சில் உயர் நீதிமன்ற உத்தரவையே உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கோயிலை நிர்வகிக்கும் தேவஸ்வம் வாரியம் வழக்கில் வென்றது. ஆனால் அதற்குள் டின்களின் காலம் கடந்துவிட்டது, அழிப்பதைத் தவிர வேறு வழி இல்லாமல் போனது. பெயர் கெடுவதற்கு ஒரு நாள் போதுமாக இருந்தது. நியாயம் வர ஓராண்டுக்கு மேல் ஆனது. சபரிமலைக்கே இப்படி என்றால், இருநூறு வாடிக்கையாளர்களை வைத்திருக்கும் உங்களுக்கு உச்ச நீதிமன்றம் வரை போகும் காலமும் பணமும் எங்கே இருக்கிறது? குற்றச்சாட்டு வருவதற்கு முன்பே கையில் சோதனைத் தாள் இருப்பவருக்குத்தான் அதே நாளில் பதில் சொல்ல முடியும்.

அடுத்த மாதமே, 2024 ஏப்ரலில், ஹாங்காங்கும் சிங்கப்பூரும் எத்திலீன் ஆக்ஸைடு என்ற ரசாயனம் இருப்பதாகச் சொல்லி எவரெஸ்ட், எம்டிஹெச் ஆகிய இரு நிறுவனங்களின் மசாலாக்கள் சிலவற்றின் மீது நடவடிக்கை எடுத்தன. தங்கள் பொருட்கள் பாதுகாப்பானவை என்று அந்த நிறுவனங்கள் மறுத்தன. அவை பெரிய நிறுவனங்கள், விளம்பரத்துக்கும் வழக்கறிஞருக்கும் குறைவில்லை, தாங்கிக்கொண்டன. அந்தச் செய்தி வந்த வாரங்களில் 'இந்திய மசாலா' என்று எழுதி வெளிநாட்டுக்கு விற்றுக்கொண்டிருந்த சிறியவர்கள் எல்லோரும் கேள்வி கேட்கப்பட்டார்கள். அந்தப் பொடிகளோடு அவர்களுக்கு எந்தத் தொடர்பும் இல்லை.

விலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2018 கேரள வெள்ளம், அதன்பின் வறட்சி; 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. இரண்டரை ஆண்டுக்குள் சராசரி ஆயிரத்துக்கும் கீழே போனது. இப்படி ஏறி இறங்கும் சரக்கில் முன்பணம் வாங்கிக்கொண்டு, விலை ஏறியதும் 'ஸ்டாக் இல்லை' என்று சொல்கிறவர் பெயர் தானாகவே கெடும். சொன்ன விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்று ஆர்டர் எடுக்கும்போதே எழுதிக் கொடுங்கள். நேற்றைய ஏலச் சராசரி யார் வேண்டுமானாலும் பார்க்கக் கிடைக்கிறது. அதைவிட உங்கள் விலை ஏன் கூடுதல் என்று கேட்டால், சலித்த கூலி, பொட்டலம், கூரியர், என் உழைப்பு என்று கணக்குச் சொல்லுங்கள். சராசரிக்கும் கீழே யாராவது முதல் தரக் காய் தருவதாகச் சொன்னால், அதை விளம்பரப்படுத்தும் முன் அந்தக் காய் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். குவாத்தமாலா உலகில் மிக அதிகமாக ஏலக்காய் விளைவிக்கும் நாடுகளில் ஒன்று. அந்தக் காய் உள்ளே வந்து இந்த மலையின் பெயரில் விற்கப்படுகிறது என்ற புகாரைத் தோட்டக்காரர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள்.

இப்போது, சொந்தமாகச் சரக்கு வைக்காமல் மற்றவர் பொருளை விளம்பரப்படுத்துகிற உங்களுக்கு வருகிறேன். ரீல் போடுகிறவர்கள், யூடியூப் சேனல் வைத்திருப்பவர்கள், கடைக்காரர்களுக்குப் பக்கம் நடத்தித் தருகிறவர்கள், லிங்க் வழியே கமிஷன் வாங்குகிறவர்கள் என்று இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள். 'பொருள் அவருடையது, எனக்கு என்ன பொறுப்பு' என்ற எண்ணம் உங்களிடம் இருந்தால் இன்றோடு விட்டுவிடுங்கள். 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்காக, தயாரித்தவருக்கு மட்டுமல்லாமல் அதைப் பரிந்துரைத்தவருக்கும் பத்து லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். மறுபடி செய்தால் ஐம்பது லட்சம் வரை போகலாம். எந்தப் பொருளையும் பரிந்துரைக்கக் கூடாது என்று முதல் முறை ஓராண்டு வரையும், மீண்டும் செய்தால் மூன்றாண்டு வரையும் தடை போடலாம். பரிந்துரைப்பதையே தொழிலாக வைத்திருப்பவருக்கு அந்தத் தடை கடையைப் பூட்டுவதுதான். தகுந்த அளவு விசாரித்த பிறகே பரிந்துரைத்தேன் என்று காட்ட முடிந்தவருக்குச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. அதனால் கடைக்காரர் எட்டு எம்எம் என்று சொன்னால் சலித்துப் பாருங்கள், அதைப் படமெடுத்து வையுங்கள். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் பதினான்கு இலக்க எண்ணைக் கேட்டு வாங்கிச் சரிபாருங்கள். 'இயற்கை முறையில் விளைந்தது' என்றால் சான்றிதழ் கேளுங்கள். வாய்மொழியாகச் சொன்னதை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். கேட்டால் கோபித்துக்கொள்கிற கடைக்காரரின் விளம்பரம் உங்களுக்கு வேண்டாம்.

மருத்துவம் பேசாதீர்கள். இதை மிகவும் வேண்டிக் கேட்டுக்கொள்கிறேன். ஏலக்காய் சர்க்கரையைக் குணமாக்கும், ரத்தக்கொதிப்பை இறக்கும், மாத்திரையை விட்டுவிடலாம் என்றெல்லாம் வீடியோ போட்டால் பார்வை ஏறும் என்பது எனக்குத் தெரியும். அதை நம்பி மாத்திரையை நிறுத்துகிற ஒருவர் எங்கோ இருக்கிறார். அவர் யாரோ ஒருவருடைய அப்பா. பதஞ்சலி வழக்கில் 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம், இப்படிப்பட்ட விளம்பரங்களில் தோன்றும் பிரபலங்களும் சமூக ஊடகப் பிரமுகர்களும் விளம்பரதாரருக்கு இணையாகப் பொறுப்பாவார்கள் என்று சொன்னது. ஏலக்காய்க்கு மணம் இருக்கிறது, ருசி இருக்கிறது, ஒரு மலையும் அதன் உழைப்பும் இருக்கின்றன. பேச அதுவே நிறைய இருக்கிறது.

பணம் வாங்கிக்கொண்டு பரிந்துரைத்தால் அதைச் சொல்ல வேண்டும். இலவசமாக ஒரு கிலோ காய் வந்திருந்தாலும், கடைக்காரர் உங்கள் மாமாவாக இருந்தாலும் சொல்ல வேண்டும். தவறாக வழிநடத்தும் விளம்பரங்கள் பற்றிய 2022 ஜூன் மாதத்து வழிகாட்டு நெறிகளும், 2023 ஜனவரியில் பரிந்துரைப்பவர்களுக்காக வெளியான விளக்கமும் இதைத் தெளிவாக்கிவிட்டன. விளம்பரம் எந்த மொழியில் இருக்கிறதோ அந்த மொழியிலேயே அறிவிப்பும் இருக்க வேண்டும். தமிழில் பேசிவிட்டு, மூலையில் ஆங்கிலத்தில் பொடி எழுத்தில் போட்டால் போதாது. 'இது பணம் பெற்றுச் செய்த விளம்பரம்' என்று வீடியோவின் தொடக்கத்திலேயே வாயால் சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் பார்ப்பவர்கள் போய்விடுவார்கள் என்ற பயம் வேண்டாம். எல்லாவற்றையும் புகழ்கிறவரை விட்டுத்தான் அவர்கள் போவார்கள்.

இனி மதிப்புரைகள். நட்சத்திரம் வாங்கித் தருகிறேன் என்று உங்களிடம் வந்து சொல்கிற ஆட்கள் உண்டு. ஐம்பது மதிப்புரைக்கு இவ்வளவு, நூறுக்கு இவ்வளவு என்று விலை சொல்கிறார்கள். இந்த ஊருக்கு இந்த மோசடியை விளக்க வேண்டியதே இல்லை. ஏலத்தில் வாங்கிய காயையே சிலர் திருப்பி ஏலத்துக்குக் கொண்டுவந்து, வரத்து அதிகம் போலக் காட்டுகிறார்கள். ரீபூலிங் என்று சொல்லி விவசாயிகள் எத்தனை முறை குமுறியிருக்கிறார்கள்! வரத்து கூடியதுபோலத் தெரிந்தால் விலை இறங்குகிறது, உழைத்தவர் நஷ்டப்படுகிறார். போலி மதிப்புரையும் அதையேதான் செய்கிறது. இல்லாத வாடிக்கையாளர்களைச் சந்தைக்குள் கொண்டுவந்து விடுகிறது, உண்மையாக விற்கிற பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கீழே தள்ளுகிறது. 2020-ன் மின்வணிக விதிகள், விற்பவர் தன்னை நுகர்வோர்போலக் காட்டிக்கொண்டு மதிப்புரை எழுதக் கூடாது என்று சொல்கின்றன. 2022 நவம்பரில் இந்தியத் தர நிர்ணய அமைப்பு இணைய மதிப்புரைகளுக்கென்றே ஐஎஸ் 19000 என்ற தரத்தைக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் 2024 அக்டோபரிலிருந்து போலி மதிப்புரையை விற்பதும் வாங்குவதும் விதிப்படி தடை செய்யப்பட்டிருக்கிறது. சட்டத்துக்குப் பயந்து மட்டும் விடச் சொல்லவில்லை. ஏழு உண்மையான மதிப்புரை, அதில் ஒன்று 'பொட்டலம் கிழிந்து வந்தது' என்று இருந்தாலும், அதைப் படிக்கிறவர் உங்களை மனிதராக நம்புவார்.

அந்தக் கிழிந்த பொட்டலத்துக்கு என்ன செய்வது? நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். புகார் வந்ததும் அதை அழிக்கப் பார்க்கிறார்கள், எழுதியவரைத் தடை செய்கிறார்கள், அல்லது போட்டியாளர் அனுப்பிய ஆள் என்று பழி போடுகிறார்கள். மின்வணிக விதிகளின்படி புகார் கிடைத்ததை நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். ஏலக்காய் விற்கிறவருக்கு ஒரு மாதம் வேண்டாம், இரண்டு நாளே போதும். புகார் எந்த இடத்தில் வந்ததோ அந்த இடத்திலேயே, எல்லோரும் பார்க்கப் பதில் எழுதுங்கள். 'அக்கா, பொட்டலத்தின் படத்தையும் அதிலுள்ள லாட் எண்ணையும் அனுப்புங்கள், இன்று மாலைக்குள் பார்த்துச் சொல்கிறேன்' என்று எழுதுங்கள். மாலையில் சொல்லுங்கள். தவறு உங்களுடையது என்றால் அது என்ன தவறு என்பதையும், பணமா மாற்றுக் காயா எது தரப்போகிறீர்கள் என்பதையும் ஒரே பதிலில் முடியுங்கள். கூரியர்காரர் மேல் பழி போட வேண்டாம், அவரைத் தேர்ந்தெடுத்தது நீங்கள்தான். தவறு உங்களுடையது இல்லையென்றால், உங்களிடமிருக்கும் சாம்பிளின் படத்தைப் போட்டு, மரியாதையாக அதைச் சொல்லுங்கள். தீராத சண்டை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை நீங்களே அவருக்குக் கொடுங்கள். மறைக்க ஒன்றும் இல்லாதவரால்தான் அந்த எண்ணைக் கொடுக்க முடியும்.

போட்டியாளர் வேண்டுமென்றே அவதூறு பரப்பினால், உடனே திரும்ப அவதூறு எழுதாதீர்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து, தேதியோடு சேமித்து, தளத்துக்கு முறையாகப் புகார் கொடுங்கள். உங்கள் பெயரிலும் படத்திலும் போலிப் பக்கம் தொடங்கி யாராவது முன்பணம் வாங்கினால், அன்றே உங்கள் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் நீங்களே சொல்லிவிடுங்கள். சைபர் குற்றங்களுக்கான 1930 எண்ணுக்கும் தெரிவியுங்கள். பக்கத்தின் கடவுச்சொல்லை வேலைக்கு வந்துபோகும் எல்லோரிடமும் கொடுத்து வைக்காதீர்கள், இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவையுங்கள். இதையெல்லாம் நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

சாம்பிளின் படம் என்று சொன்னேன். அதைப் பற்றித்தான் இந்த ஊரில் உடனே செய்யக்கூடிய ஒரு வேலை இருக்கிறது. சரக்கு வாங்கும் ஒவ்வொரு முறையும் அதற்கு உங்கள் சொந்த லாட் எண் ஒன்று கொடுங்கள். எந்தத் தேதியில், யாரிடம், எவ்வளவு வாங்கினீர்கள் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அதே எண்ணை ஒவ்வொரு பொட்டலத்திலும் அச்சிடுங்கள். நிகர எடை, விலை, பொட்டலமிட்ட மாதம், உங்கள் முகவரி, புகாருக்கான தொலைபேசி ஆகியவை பொட்டலப் பொருள் விதிப்படி எப்படியும் இருந்தாக வேண்டியவை. இந்த எண்ணையும் அவற்றோடு சேருங்கள். அந்த லாட்டிலிருந்து நூறு கிராமைக் காற்றுப் புகாத கறுப்பு டப்பாவில் போட்டு ஆறு மாதம் வைத்திருங்கள். அதற்குள் எப்போது ஒருவர் குறை சொன்னாலும் எடுத்துக் காட்ட ஒரு சாட்சி இருக்கும்.

மருந்து மிச்சமும் சாயமும் சோதிக்க ஸ்பைசஸ் போர்டின் ஆய்வகங்கள் கொச்சியிலும் தூத்துக்குடியிலும் இருக்கின்றன. தனியாக ஒருவர் மாதாமாதம் அனுப்பினால் செலவு கட்டாது. ஒரே தோட்டத்தின் காயை, ஒரே ஸ்டோரில் உலர்ந்ததை, எட்டுப் பேரோ பத்துப் பேரோ சேர்ந்து ஒரே லாட்டாக வாங்கினால் ஒரு சோதனை போதும். அறிக்கையை எல்லோரும் தங்கள் பக்கத்தில் போடலாம், தோட்டக்காரருக்கும் ஒரு பிரதி போகும். மருந்து குறைத்து விளைவித்தவருக்குக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுக்க அந்தத் தாளே காரணமாகவும் இருக்கும். அறிக்கை சரியில்லை என்று வந்தால் அந்த லாட்டை என்ன செய்வது, செலவை யார் ஏற்பது என்பதை வாங்கும் முன்பே எழுதி முடிவு செய்துகொள்ள வேண்டும். அதில் கருத்து வேறுபாடு வரும், வரட்டும். தோட்டக்காரர்களும் தரம் பிரிக்கும் பெண்களும் இந்த அவையில் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதைக் கேட்டு, இந்தப் பருவத்தின் முதல் லாட்டுக்கு யார் யார் சேரப்போகிறீர்கள் என்பதை இப்போதே பேசத் தொடங்குவோம்.